பபிள் லைட்டும் வெள்ளி மரமும்: பழைய அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1930கள் முதல் 1970கள் வரை அமெரிக்க வீடுகளில் டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து இறங்கிய விளக்குகள், கண்ணாடிப் பந்துகள், அலுமினிய மரங்கள் ஆகியவை பற்றிய பக்கம் இது. இணைய ஏலத்தில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்ததைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்தே இந்தப் பைத்தியம் பிடித்தவர்களும் உண்டு. இவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் மின்சாரம் பற்றியவை. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சி6, சி7, சி9 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

'சி' கூம்பு வடிவத்தைக் குறிக்கிறது. பல்பு மிகவும் பருத்திருக்கும் இடத்தின் விட்டத்தை அரைக்கால் அங்குலக் கணக்கில் சொல்வது அந்த எண். சி6 என்றால் முக்கால் அங்குலம். சி7 ஓர் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு. சி9 ஒன்றே அரைக்கால் அங்குலம். திருகும் பகுதியின் விட்டம் முறையே 10, 12, 17 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றை மற்றொன்றின் ஹோல்டரில் மாட்ட முடியாது.

அளவைவிட முக்கியமானது இணைப்பு. சி6 செட்டுகள் பெரும்பாலும் தொடரிணைப்பு: 15 வோல்ட் பல்பு எட்டு, மொத்தம் 120 வோல்ட். சி7, சி9 செட்டுகள் பக்க இணைப்பு. அவற்றில் ஒவ்வொரு பல்புக்கும் முழு 120 வோல்ட் கிடைக்கும், ஒன்று போனாலும் மற்றவை எரியும். சி7 பல்பு வழக்கமாக 5 வாட், சி9 பல்பு 7 வாட். 25 பல்பு கொண்ட சி9 செட் ஒன்று 175 வாட் இழுக்கும். எல்.இ.டி. பழகிய கைக்கு இந்தச் சூடு புதிது. எரியும் சி9 பல்பைத் தொட்டால் சுடும்.

சி6 செட் மொத்தமாக அணைந்துவிட்டது. எந்தப் பல்பு போயிற்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. தொடரிணைப்பில் ஓர் இழை அறுந்ததும், அந்த ஒரே ஹோல்டரின் இரு முனைகளுக்கு நடுவில் முழு 120 வோல்ட்டும் வந்து நிற்கும். '15 வோல்ட் பல்புதானே' என்று விரலை உள்ளே விடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பிறகு எட்டு பல்புகளையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல பல்பு மிகக் குறைந்த மின்தடை காட்டும், போனது எதுவும் காட்டாது. நல்ல பல்பு ஒன்றை வரிசையாக ஒவ்வொரு ஹோல்டரிலும் மாட்டிப் பார்ப்பதுதான் அந்தக் காலத்து முறை. ஆனால் இரண்டு பல்புகள் ஒருசேரப் போயிருந்தால் அந்த முறையில் இரவு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பல்பு எல்லாம் சரி, ஆனாலும் எரியவில்லை என்றால் ஹோல்டரின் அடியைப் பாருங்கள். நடுவில் இருக்கும் பித்தளைத் தகடு பல வருட அழுத்தத்தில் படுத்துப் போயிருக்கும். பல்குத்தும் குச்சியால் மெல்ல நிமிர்த்தினால் போதும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் மென்மையான உப்புத்தாளால் ஒருமுறை தேய்க்கலாம்.

பிற்காலத்து மினி செட்டும் தொடரிணைப்புதானே? அதில் ஒன்று போனாலும் மற்றவை எப்படி எரிகின்றன?

நம் ஊரில் சீரியல் செட் என்று சொல்வதன் அமெரிக்க உறவு அது. 50 பல்பு, ஒவ்வொன்றும் சுமார் 2.4 வோல்ட். பல்புக்குள் இழையைத் தாங்கும் இரு கம்பிகளின் அடியில் மெல்லிய கம்பி ஒன்று சுற்றியிருக்கும். அதன் மேல் உள்ள ஆக்சைடு படலம் 2.4 வோல்ட்டுக்கு மின்சாரத்தை விடாது. இழை அறுந்ததும் அந்தப் பல்பின் குறுக்கே 120 வோல்ட் வர, படலம் உடைந்து கம்பி வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறுந்த பல்பின் பங்கு வோல்ட்டையும் மற்றவை சுமக்க வேண்டும். ஐந்து போய்விட்டால் மிச்சம் 45, ஒவ்வொன்றுக்கும் 2.67 வோல்ட். 11 சதவீதம் கூடுதல் என்பது சிறிதாகத் தோன்றும். இழை பல்பின் ஆயுளோ வோல்ட் ஏறினால் மிகச் செங்குத்தாகச் சரியும். இந்த 11 சதவீதத்துக்கே மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 'ஒரு வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் படபடவென்று எல்லாம் போய்விட்டது' என்ற புகாருக்கு இதுதான் காரணம். ஒன்று போனால் அன்றே மாற்றுங்கள்.

பல்பு ஹோல்டரைவிட்டு வெளியே வந்துவிட்டால் அந்தக் கம்பியும் கூடவே வந்துவிடும், செட் அணையும். முழுதும் இருண்ட மினி செட்டில் முதலில் தேட வேண்டியது தளர்ந்த பல்பையும் மடங்கிய கால் கம்பியையும். அடுத்தது பிளக்குக்குள் இருக்கும் சிறு ஃப்யூஸ்.

இவற்றை நம் ஊர் 230 வோல்ட்டில் எப்படி எரிப்பது?

நேரடியாக மாட்டினால் ஒரு நொடிக் காட்சி. இழையின் மின்தடை மாறாத கணக்கில் மூன்றரை மடங்குக்கு மேல் திறன் பாயும், எல்லாம் வெடித்து அணையும்.

230-இலிருந்து 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இரண்டு தனிச் சுருள்கள் கொண்டதாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே சுருளில் இறக்கும் மலிவு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் பொதுமுனை உள்ளே விட்டுப்போனால் 230-உம் அப்படியே வெளியே வரும். எழுபது வருட ரப்பர் வயர் அதைத் தாங்காது. திறன் கணக்கு எளிது: மொத்த வாட்டைக் கூட்டி ஒன்றரை மடங்குக்கு மேல் எடுங்கள். மேலே சொன்ன 175 வாட் செட்டுக்கு 300 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) போதும்.

120 வோல்ட் பல்பு 110-இல் எரிந்தால் வெளிச்சம் ஏறக்குறையக் கால் பங்கு குறையும், ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் கூடும். இனிக் கிடைக்காத பல்புகளுக்கு இது லாபமே. அமெரிக்காவிலேயே சேகரிப்பாளர்கள் வேண்டுமென்றே வோல்ட்டைக் குறைத்துத்தான் எரிக்கிறார்கள்.

'இரண்டு 120 வோல்ட் செட்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 240 ஆகிவிடுமே' என்ற யோசனை அடிக்கடி வரும். பக்க இணைப்பு செட்டுகளில் அது ஆபத்து. ஒரு செட்டில் சில பல்புகள் போனால் அதன் மின்தடை ஏறும், வோல்ட் அந்தப் பக்கம் சாயும், மிஞ்சிய பல்புகளும் வரிசையாகப் போகும்.

பிளக்கில் செருகும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வயரை இரு விரலால் மெல்ல வளையுங்கள். வெடிக்கும் சத்தம் கேட்டாலோ தூள் உதிர்ந்தாலோ உள்ளே ரப்பர் காய்ந்துவிட்டது. அந்த வயரை இனி ஓட்டக் கூடாது. துணி சுற்றிய வயரில் துணி நன்றாக இருக்கும், உள்ளே ரப்பர் போயிருக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோல்டரையும் பல்பையும் வைத்துக்கொண்டு வயரை மட்டும் மாற்றுவது ஒரு மதிய வேலை. ஏலத்தில் மதிப்புக் குறையும்தான், ஆனால் எரிக்க வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள்.

பபிள் லைட்டில் குமிழி வரவில்லை. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் நோமா நிறுவனம் 1946-இல் பெரிய அளவில் விற்கத் தொடங்கிய விளக்கு இது. கீழே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சிறு பல்பு, மேலே மெழுகுவத்தி போன்ற கண்ணாடிக் குழாய், அதற்குள் மெத்திலின் குளோரைடு. அந்தத் திரவம் சுமார் 40 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பல்பின் சூடே அடுப்பு.

குழாய் நிமிர்ந்து நிற்க வேண்டும். கிளை சாய்ந்தால் குமிழி நின்றுவிடும், அதனால்தான் பழைய செட்டுகளில் கிளையைக் கவ்வும் கிளிப் இருக்கும். மாட்டியதும் எதிர்பார்க்காதீர்கள், ஐந்து பத்து நிமிடம் கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் எரியவிட்டபடியே குழாயின் உச்சியை நகத்தால் சுண்டுங்கள். அடியில் தங்கிய காற்றுக் குமிழி விலகினால் கொதி தொடங்கும். குளிர்ந்த அமெரிக்கத் தாழ்வாரங்களில் இது தீராத தொல்லை. சென்னை டிசம்பரில் அந்தத் தொல்லை குறைவு.

உள்ளே எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தால் குமிழி வரவே வராது, அதற்குப் போதிய சூடு இல்லை. திரவம் குறைந்திருந்தால் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் இருக்கும், சரிசெய்ய வழியில்லை.

உடைந்தால் அறையைவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, கையுறை போட்டு, காகிதத் துண்டால் துடைத்து, உறையில் கட்டி வெளியே வையுங்கள். ஆவியை முகராதீர்கள். நாய், பூனை, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கு எட்டும் கிளையில் பபிள் லைட் வேண்டாம்.

அலுமினிய மரத்தை எப்படி நிறுத்துவது? கிளைகள் எல்லாம் நசுங்குகின்றன.

அலுமினிய மரங்களில் பெயர்பெற்றது எவர்கிளீம். விஸ்கான்சின் மாநிலத்தின் மனிட்டோவாக் ஊரில், அலுமினியம் ஸ்பெஷல்டி என்ற நிறுவனம் 1959 முதல் செய்தது. அந்த வட்டாரமே அலுமினியப் பாத்திரத்துக்குப் பெயர் போனது. நடுவில் வெள்ளி வண்ணம் பூசிய மரக் கம்பு, அதில் சாய்வாகத் துளைகள். ஒவ்வொரு கிளையும் ஒரு கம்பி. அதைச் சுற்றி மெல்லிதாகக் கீறிய அலுமினியத் தாள். கிளைக்கு ஒன்றாகக் காகித உறை.

பருத்திக் கையுறை போடுங்கள். விரலின் வியர்வை அலுமினியத்தில் சாம்பல் தடமாக நிற்கும். கம்பை முக்காலியில் நிறுத்தி உச்சியிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே வேலை செய்யும்போது முழங்கை கீழ்க் கிளைகளை நசுக்கும். கிளையை உறையோடு துளையில் செருகி, அடியில் பிடித்துக்கொண்டு உறையை நுனிப் பக்கமாக உருவுங்கள். அலுமினிய இழைகள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பவை. எதிர்த்திசையில் இழுத்தால் மீன் செதில்போல் எதிர்த்துக்கொண்டு மடங்கும், பிறகு நேராகாது. திரும்ப உறையில் போடும்போது கம்பி முனை முதலில் நுழைய, ஒரே திசையில் லேசாக முறுக்கியபடி தள்ளுங்கள்.

துளை தேய்ந்து கிளை தொங்கினால் கம்பி முனையில் ஒரு சுற்று மெல்லிய காகித டேப் போதும். பசை வேண்டாம், பிறகு மரத்தைக் கழற்றவே முடியாமல் போகும். தூசியைத் துடைக்காமல் ஹேர் டிரையரின் குளிர்காற்றால் ஊதிவிடுங்கள்.

வாங்குகிறவர்கள் முதலில் எண்ண வேண்டியது துளைகளையும் கிளைகளையும். பத்துக் கிளை குறைந்த மரம் பாதி விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் அதே நீளத்தில், அதே நுனி வடிவத்தில் கிளை தேடி அலைவது மலிவல்ல.

அலுமினிய மரத்தில் சீரியல் செட் சுற்றலாமா?

கூடாது. கூர்மையான தாள் ஓரம் எங்காவது வயரைக் கீறினால் மரம் முழுவதும் மின்சாரம் ஏறும். இந்தப் பிரச்சினைக்காகவே கலர் வீல் வந்தது: தரையில் ஒரு ஸ்பாட் லைட், அதன் முன் மெல்லச் சுழலும் நான்கு நிற பிளாஸ்டிக் தட்டு. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் மாறி மாறி மரத்தில் விழும். இருட்டு அறையில் அதைப் பார்த்தவர்கள் மரத்தில் விளக்கு வேண்டும் என்று பிறகு கேட்பதில்லை.

அதன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கொஞ்சம் அதிகமாகச் சூடாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். கிறீச்சிட்டால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, தண்டின் அடியில். பழைய ஸ்பாட் பல்புக்குப் பதில் எல்.இ.டி. போடுவது இங்கே முழு லாபம், ஏனென்றால் நிறத் தட்டு சூட்டில் வளைவதுதான் கலர் வீலின் முதல் சாவு.

ஒரு கார்ட்டூன்தான் அலுமினிய மரத்தை ஒழித்தது என்பது உண்மையா?

1965 டிசம்பர் 9 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி வந்தது. அதில் அலுமினிய மரம் வாங்கிவரச் சொல்லி அனுப்பப்படும் பையன், வாடிய சிறு நிஜ மரம் ஒன்றோடு திரும்புவான். வணிகமாகிப்போன பண்டிகையின் அடையாளமாகவே வெள்ளி மரம் அதில் வரும். சில வருடங்களில் விற்பனை சரிந்ததும் உண்மை. ஆனால் பழி முழுவதையும் கார்ட்டூன்மேல் போடுவது மிகை. அந்தக் காலத்திலேயே பச்சை பிளாஸ்டிக் மரங்கள் நிஜ மரத்தை நெருங்கத் தொடங்கிவிட்டன. வெள்ளி மரமோ, ராக்கெட் யுகத்து நாகரிகம். எந்த நாகரிகமும் பத்து வருடத்துக்கு மேல் வரவேற்பறையில் நிற்பதில்லை.

கண்ணாடிப் பந்து எந்தக் காலத்தது என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் அதிகம் கிடைப்பது ஷைனி பிரைட் என்ற பெயரில் விற்ற பந்துகள். 1930களின் இறுதிவரை இந்தப் பந்துகள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தன. போர் நெருங்கியபோது, மின்பல்புக்குக் கண்ணாடி ஊதும் கார்னிங் நிறுவனத்தின் இயந்திரத்தையே பந்து ஊத வைத்தார்கள்.

மூடியைப் பாருங்கள். உலோக மூடியும் உள்ளே வெள்ளிப் பூச்சும் இருந்தால் போருக்குச் சற்று முன், அல்லது போருக்குப் பின். பூச்சில்லாத தெளிந்த கண்ணாடி, மேலே வண்ணக் கோடுகள், காகித அட்டை மூடி என்றால் போர்க்காலம், ஏனென்றால் அப்போது உலோகமும் வெள்ளியும் போருக்குப் போயின. பளபளப்பு குறைந்த இந்தப் பந்துகள்தான் இன்று சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடுபவை. அதே பெயரில் பிற்காலத்தில் மறுபடியும் செய்து விற்றதால் பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

தண்ணீரில் கழுவாதீர்கள். ஈரத் துணியும் வேண்டாம். பழைய பூச்சு ஒரே துடைப்பில் கையோடு வரும். முகத்துக்குப் பவுடர் பூசும் மென்தூரிகை போதும். உள்ளே கறுப்புப் புள்ளி விழுந்த வெள்ளிப் பூச்சு திரும்பாது.

எதைத் தொடவே கூடாது?

மூன்று. பழைய ஜிகினா நூல்கள் ஈயத்தில் செய்தவை. அமெரிக்க அரசின் உணவு, மருந்துத் துறை ஆட்சேபித்ததால் 1972-இல் நின்றன. கனமாக, ஆடாமல், நேராகத் தொங்கினால் ஈயம். பிளாஸ்டிக் ஜிகினா மின்விசிறிக் காற்றுக்கே பறக்கும். குழந்தை இருக்கும் வீட்டில் அதைக் கட்டாதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள்.

இரண்டாவது, 1930, 40களின் 'பஞ்சுப் பனி'. சில வகைகள் ஆஸ்பெஸ்டாஸ். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, பெட்டியைத் திறக்காமல் விடுவதே நல்லது. மூன்றாவது, தேவதைக் கூந்தல் என்று விற்ற மெல்லிய கண்ணாடி இழை. விஷமல்ல, ஆனால் தோலிலும் கண்ணிலும் அரிக்கும்.

பீங்கான் மரம், வாசலில் நிற்கும் பிளாஸ்டிக் சாண்டா?

இரண்டும் எளிது. பீங்கான் மரத்தில் துளைகளில் செருகிய நிறப் பிளாஸ்டிக் முளைகள் ஒளிரும், உள்ளே இருப்பது ஒரே ஒரு சி7. முளை தொலைந்தால் துளையை அளந்து வாங்குங்கள், பல அளவுகள் உண்டு. பிளாஸ்டிக் சாண்டாவுக்கு எதிரி வெயில். உள்ளே எல்.இ.டி. போடுங்கள். அடியில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டினால் காற்றுக்குச் சாயாது. நிறம் உதிர்ந்ததை மறுபடி பூசாதீர்கள். புதுப் பூச்சு தூரத்திலிருந்தே தெரியும்.

ருடால்ஃப் பொம்மையில் 1964 என்று இருக்கிறது. அறுபது வயதுப் பொருளா?

அந்த எண் பெரும்பாலும் கதாபாத்திரத்தின் பதிப்புரிமை ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு அல்ல. சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப் நிகழ்ச்சி 1964 டிசம்பர் 6 அன்று என்.பி.சி.யில் வந்தது. ஜப்பானில் பொம்மைகளை அசைத்து அசைத்துப் படமெடுத்தார்கள், செலவை ஏற்றது ஜெனரல் எலெக்ட்ரிக். அந்தப் பாத்திரங்களின் பொம்மைகள் அடுத்த பல பத்தாண்டுகளும் விற்றன. வேடிக்கை என்னவென்றால், நிகழ்ச்சியில் திரையில் வரும் எழுத்துகளிலேயே ரோமன் எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போய், ஆண்டு 1164 என்று பதிவாகியிருக்கிறது.

காலம் தெரிய நல்ல வழி, பழைய அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல்கள். சியர்ஸ் நிறுவனம் 1933 முதல் கிறிஸ்துமஸுக்கென்றே தனிப் பட்டியல் போட்டது. பக்கங்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு பொருள் அதில் முதலில் தென்படும் ஆண்டு தொடக்கம், அவ்வளவுதான். அதன்பின் ஆறேழு வருடம் அதே பொருள் விற்றிருக்கலாம்.

ஜனவரியில் எப்படி எடுத்து வைப்பது?

பரண் வேண்டாம். ஓட்டுக்கடியில் கோடையில் ஏறும் சூடு பூச்சையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். நிழலான அலமாரியின் கீழ்த்தட்டு நல்லது. பந்துகளை முட்டை அட்டைபோல் அறை பிரித்த பெட்டியில், அச்சில்லாத வெள்ளைத் தாளில் சுற்றி வையுங்கள். செய்தித்தாளின் மை ஒட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் கடற்கரை ஊர்களில் உள்ளே வியர்த்துப் பூச்சு பையோடு வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் பெட்டிக்கு இரண்டு போடுங்கள்.

ராமபாணப் பூச்சிக்கு அலுமினிய மரத்தின் காகித உறைகள் பிரியமான சாப்பாடு. அதற்காக அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கி ஒட்டவைக்கும். மூடி இறுகும் பெட்டியே போதும்.

பல்புகளைக் கழற்றாமல், வயரை அட்டையில் தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றிய வயர் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.

தொலைக்காட்சியில் விறகு மட்டும் எரிந்துகொண்டிருக்குமே, அது எங்கிருந்து வந்தது?

நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஐ.எக்ஸ். நிலையம் 1966 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் தொடங்கியது. அடுக்குமாடி வீடுகளில் கணப்பு கிடையாது, அவர்களுக்காக நியூயார்க் மேயரின் மாளிகைக் கணப்பைப் படமெடுத்து, விளம்பரமில்லாமல், கிறிஸ்துமஸ் பாட்டோடு ஓட்டினார்கள். படம் மொத்தம் 17 வினாடிதான், அதையே திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். 1970-இல் மறுபடி எடுத்த படம்தான் இன்று பெரும்பாலும் காணக்கிடைப்பது. எடுத்தது கலிஃபோர்னியாவில், ஆகஸ்ட் மாத வெயிலில்.